மூன்றாவது படி

அன்பானவனே,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று கேட்காதே.

தையல்கடை மாடியில், நம்மைப் போல ஆணுக்கு ஆண் பிரியம் வைத்தவர்கள் ஞாயிறுதோறும் கூடுவோமே, அந்த அறையை இடிக்காமல் நினைவிடமாக்கச் சொல்லி மனு வந்திருக்கிறது. ஆய்வுக்குப் போன அதிகாரி நான்தான்.

மனு கொடுத்த பெண் முன்னால் ஏறினாள். "பார்த்து சார், மூணாவது படி..." என்று அவள் திரும்புவதற்குள் என் கால் அதைத் தாண்டிவிட்டது. அப்போதே உடைந்த படிதானே.

"முன்னாடி வந்திருக்கீங்களா சார்?"

"சேச்சே, இந்தப் பக்கமே வந்ததில்லம்மா."

நீ சாத்தவே விடாத ஜன்னல் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

"இங்க வந்து போனவங்க ஒருத்தர் சொன்னாப் போதும் சார், இடிக்க மாட்டாங்க. ஒருத்தரும் கிடைக்கல."

படிவத்தில் 'நேரில் அறிந்தவர்' என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அன்று போலீஸ்காரர் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இவனைத் தெரியுமாடா?" என்று கேட்டபோதும் இதே வாய்தான் தெரியாது என்றது. அன்றாவது அவர் கையில் லத்தி இருந்தது. இந்தப் பெண்ணின் கையில் எனக்காக வாங்கிவந்த தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

இப்படிக்கு,
அன்றும் இன்றும் தப்பித்துக்கொண்டவன்