உறைமேல் வைத்த காது

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

நேற்று மீட்புப் படகுக்கு அடிப்பாகம் செய்தோம். கார்பன் துணிமேல் பிளாஸ்டிக் உறை ஒட்டி, காற்றை உறிஞ்சிவிட்டுப் பிசினை உள்ளே இழுக்க வேண்டும். காற்று கசிந்தால் குமிழி விழும். கடலில் அந்த இடம்தான் விரிசல் விடும்.

நேற்று எங்கோ கசிந்தது. முதலாளி அவசரப்படுத்தினார். எங்கள் மேஸ்திரியம்மா அசையவில்லை. "இதுல ஏறப்போறவங்க ஏற்கெனவே ஒரு தடவை முழுகினவங்க சார். கசிவை அடைக்காம பிசின் கலக்க மாட்டேன்."

சத்தம் போடுகிற மற்ற மெஷின்களையெல்லாம் நிறுத்தச் சொல்லி, உறைமேல் காதை வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒரு மடிப்பில் சீறல் கேட்டது, அடைத்தார். பிறகு எங்கும் வறண்ட திட்டு விடாமல் பிசின் பரவியது. முதலாளியே கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பார்சல் அனுப்பினால் நீ போர்த்துகிற போர்வையை வை. துவைக்காதே. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன் சின்னவள்