பல்லில் ஒட்டிய மக்ரூன்

நவம்பர் 12, செவ்வாய்

நசநசவென்று மழை. யூனிபாரம் காயவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம்.

சனிக்கிழமை கரை சேர வேண்டிய வள்ளம் இன்னும் வரவில்லை. அதில் அப்பாவும் அந்தோணி மாமாவும் மட்டும்தான். இருவர் போனும் அணைந்தே கிடக்கிறது. வீட்டில் யாரும் அழக்கூடாது, அம்மா போட்ட சட்டம். அதனால் போர்வைக்குள், போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வேறு 'நாவலும் பலகாரமும்'. தமிழ் டீச்சர் யோசனை. ஆளுக்கொரு நாவல் படித்து, அதற்கேற்ற இனிப்பை வீட்டிலேயே செய்துவந்து, ஏன் பொருத்தம் என்று சொல்ல வேண்டும். என் நாவலில் கணவன் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட, ஒருத்தி காத்திருக்கிறாள். போன வாரமே மக்ரூன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளைப் போல மேலே மொறுமொறுப்பு, உள்ளே கரையும். அப்பா கூட, "ஏளா, எனக்கு நாலு எடுத்து வையி" என்றார்.

கடைசி அத்தியாயம் பாக்கி. திறக்கக் கை வரவில்லை.

13, புதன்

மழை லீவு. மில்லர்புரம் சித்தி தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். துக்க வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுவருவார்கள். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"யாருக்குச் சோறு? எங்க வீட்டு அடுப்பு எரியுதுல்லா."

"பிள்ள பசியா இருக்குமேன்னுதான் யக்கா..."

"பிள்ளைக்கு ஒரு கேடும் வரல. எடுத்துட்டுப் போ."

சித்தி போனதும் என்னிடம் திரும்பினாள். "ஏளா, வெள்ளிக்கிழம பலகாரம்னியே. செய்யி."

"வேண்டாம்மா. டீச்சர்ட்ட சொல்லிக்கிடுதேன்."

"செய்யாம இருந்தா, உங்கப்பா வரமாட்டாவன்னு நாமளே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்லா."

மறுபேச்சு கிடையாது. ஆனால் எங்கள் தெருவில், வள்ளம் பிந்திய வீட்டில் சேதி வரும்வரை இனிப்பு செய்ய மாட்டார்கள். ஆள் பத்திரமாக வந்தால் முதல் வேலை, இனிப்பு செய்து தெருவுக்குக் கொடுப்பது. போன வருஷம் மூன்றாவது வீட்டிலிருந்து கேசரி வந்தது. அம்மாவுக்குத் தெரியாதா என்ன.

14, வியாழன்

முந்திரி, சீனி, முட்டை. மஞ்சள் கரு மட்டும் பொரியலுக்குப் போனது. வெள்ளைக்கருவை அடித்து அடித்துத் தோள் வலி. ஈரக்காற்றில் நுரை நிற்கவே இல்லை. பழைய குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்துச் சுட்டேன். மணம் தெருவுக்குப் போனது.

எதிர்வீட்டு ரோஸ்லின் அத்தை ஓடி வந்தாள். அந்தோணி மாமாவின் மனைவி. ஒரு காலில்தான் செருப்பு. சிரித்துக்கொண்டே வந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"சேதி வந்துட்டா? எங்க கரையேறிருக்காவ? ரெண்டு பேரும் நல்லாருக்காவளா?"

"இல்லத்த. இது ஸ்கூலுக்கு."

"ஸ்கூலுக்கு என்ன?"

"மக்ரூன்."

குக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சேதி வராமலா இனிப்பு செய்யுதீய?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா வந்து அத்தையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சட்டம் போட்டவள்தான் முதலில் அழுதாள். அடுப்பை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. அடி கருகிவிட்டது.

15, வெள்ளி

மழை விட்டிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்றேன், அம்மா டப்பாவோடு அனுப்பிவிட்டாள். கவிதா பஞ்சகால நாவலுக்கு மரவள்ளிக்கிழங்கு அல்வா. நல்ல கைதட்டல். கருகிய அடியைச் சுரண்டி எடுத்த பிறகு என் மக்ரூனில் மொறுமொறுப்பே இல்லை, ஒரே பிசின்.

"ஏளா, இது மக்ரூனா, பசையா? பல்லப் பிரிக்க முடியல" என்றாள் ஜெனிபர். வகுப்பே சிரித்தது.

"நாவல் முடிவுக்கு இது எப்படிப் பொருந்துது?" டீச்சர்.

"முடிவு படிக்கல டீச்சர்."

எழுதிவைத்த காரணம் ஒன்றும் வரவில்லை. வாய் தானாகப் பேசியது. "அந்த வீட்டுல யாரும் அவரைப் பத்திப் பேச மாட்டாங்க டீச்சர். பேசினா நிஜமாயிருமோன்னு பயம். இதத் தின்னா வாயத் திறக்க முடியாது. அதான் பொருத்தம்."

யாரும் சிரிக்கவில்லை. மெல்லும் சத்தம் மட்டும்.

சாயங்காலம் போன் வந்தது. ராமநாதபுரம் பக்கம் ஒரு வள்ளம் கவிழ்ந்து மிதக்கிறதாம். எண் எங்களுடையது. அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு திரும்பவில்லை, பெயர் தெரியவில்லை. ஒருவர்தான்.

"அவரு படத்த அனுப்பச் சொல்லட்டா யக்கா?" என்று, சேதி கேட்டு ஓடி வந்த சித்தி கேட்டாள்.

அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். ஒரே காரில் போயிருக்கிறார்கள். ஏறும்போதும் பிடித்த கையை விடவில்லை.

அத்தையின் மகள் மெர்சி, ஒண்ணாம் வகுப்பு, என் பக்கத்தில் தூங்குகிறாள். காலைத் தூக்கி என்மேல் போட்டிருக்கிறாள். ஜெபம் சொல்லலாம் என்று கை கூப்பினேன். 'மாதாவே, அது எங்க அப்பாவா இருக்க...' என்பது வரை வந்தது. மெர்சி புரண்டு படுத்தாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.