ஒரே ராடில் செய்த கத்தி

நேற்று மேல்வீட்டு டிரைவர் அண்ணனின் மகள் வந்திருந்தாள். கைப்பையைத் திறந்து அந்தக் கத்தியை மேஜைமேல் வைத்தாள். பிடியின் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. வேறு வளையம் போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகும் கைவிரல்களில் பழைய எண்ணெய் வாசம் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் நீயும் நானும் சேர்ந்து போட்ட பட்டறைக்கு இரண்டு வயது. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர் ராணுவ லாரி டிரைவர். வடக்கே பனிமலைக்கு மாற்றல் வந்திருந்தது. "பிடி உள்ளே குழலா இருக்கணும் தம்பி. தீப்பெட்டி, ஊசி நூல், தூண்டில் முள் எல்லாம் அதுல போட்டு மூடிக்கணும்" என்றார். லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் நீ அலகைத் தீட்டினாய். நான் பைப்பைக் கடைந்து, பித்தளையை உருக்கி ஓட்டி இரண்டையும் இணைத்தேன். ஆறியதும் பார்த்தேன். இணைப்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். எமரித் தாளால் தேய்த்தேன், மறைந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் அவர் வாங்க வந்தார். நீ கத்தியைக் கொடுக்காமல் அலகை வைஸில் இறுக்கி, பிடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாய். பிடி தனியாக உன் கையோடு வந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"யாருப்பா இதைப் பத்தவெச்சது?" என்றார்.

நான் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான்தான் அண்ணாத்தே. சூடு பத்தல. ரெண்டு நாள் குடு, ஒட்டே இல்லாம பண்ணித் தர்றேன்" என்றாய்.

ஒரே உருக்கு ராடை எடுத்தோம். ஒரு பாதியை லேத்தில் நான் குடைந்தேன். மறு பாதியை நீ மில்லிங் மெஷினில் இரண்டு பக்கமும் சீவி அலகாக்கினாய். பிடி வழுக்காமல் இருக்க வரி போட்டு, மூடிக்கு மரை வெட்டி, அலகை நெருப்பில் சிவக்கவைத்து எண்ணெயில் முக்கினோம். அந்த இரண்டு நாளும் நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். "டீ சொல்லு மச்சான்" என்பதைத் தவிர நீ வேறொன்றும் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. லாரி சரிவில் உருண்டிருக்கிறது. தார்ப்பாய்க் கயிற்றில் சிக்கிக் கிடந்த, கூட வந்த சிப்பாயை அந்தக் கத்தியால் அறுத்து வெளியே இழுத்திருக்கிறார். பிடிக்குள் இருந்த தீக்குச்சியால் நெருப்பு மூட்டி, ஆள் வரும்வரை இருவரும் குளிர் காய்ந்திருக்கிறார்கள். நீ வாய்விட்டு இரண்டு முறை படித்தாய். அந்த முதல் கத்தி போயிருந்தால்?

சிறுநீரகம் கெட்டு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அன்னிக்கு விரிசலை நான் பார்த்தேன்டா. தேய்ச்சு மறைச்சுட்டேன்."

"தெரியும். அந்த ஒரு எடத்துல மட்டும் பளபளன்னு இருந்துச்சி. அதான் இஸ்து பார்த்தேன்."

"அப்புறம் ஏன் உன் தப்புன்னு சொன்னே?"

நீ சிரித்தாய், அது இருமலாக மாறியது. "அந்தாளு உன் மேல்வீட்டுக்காரரு. தெனிக்கும் மாடிப்படியில அவர் மூஞ்சில முழிக்கணும் நீ. எனுக்கு இன்னா? நான் எங்கியோ பருத்திப்பட்டுல கீறேன்."

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாய்.

இப்போது பட்டறையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யாராவது ஒரு வேலையைக் கெடுத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும்போது, வாங்க வந்தவர் எதிரில் எனக்குக் கோபம் வருவதில்லை. "நான்தான் சரியாப் பார்க்கல" என்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பாதியில் நின்று, மறுபடி சொன்னேன். இப்போது சுலபமாக வருகிறது.