குளிரில் சோதிக்காத மோட்டார்

டிச. 18, வியாழன்

காலையில் நல்ல பனி. ஸ்கூட்டரில் காரிமங்கலம் போய்ச் சேர்வதற்குள் விரல் விறைத்துவிட்டது. எங்கள் மின்வண்டிக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன், மஃப்ளருக்குள் மூக்கு மட்டும்.

வேலை: மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரின் படம் திருத்தம். காந்தத்தை ஒட்டாமல் கிளிப்பில் மாட்டுவது, மோட்டார் பழசானால் கழற்றி மறுபடி பயன்படுத்த. அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்குவது.

கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. குளிர்.

எல்லோரும் போடுகிற சீனத்துக் காந்தம் சூட்டில் கெடும். அதற்காக மண்ணைத் தோண்டி நாசம் செய்வது வேறு. எங்களுடையது ஃபெரைட், இரும்புத் துருவிலிருந்து செய்வது. அது தலைகீழ். குளிரில் அதிக கரண்ட் பாய்ந்தால் பலம் போகும், அப்புறம் சூடானாலும் திரும்பாது. படித்ததுதான். ஆனால் இந்த ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். மோட்டாரைச் சூட்டறையில் போட்டு வறுத்துக்கொண்டே இருந்தோம். குளிர்ச் சோதனை கடைசிக்குப் போயிற்று. மார்கழியில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்று அவசர அவசரமாகக் கார்த்திகையிலேயே பூஜை போட்டு முதல் லோடு ஆட்டோவைக் கொடுத்தாயிற்று. சோதனையைத் தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் எம்.டி.

முதல் வண்டி என் அண்ணனுடையது. தினமும் விடியலில் வத்தல்மலைக்கு மளிகை ஏற்றிப் போகிறான். கொண்டை ஊசி வளைவுகள்.

டிச. 19, வெள்ளி

எம்.டி.யிடம் சொன்னேன்.

"ஏம்மா, தருமபுரில எங்கம்மா குளிரு? காஷ்மீருக்கா வண்டி விக்கறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். திங்கள்கிழமை ஓசூரிலிருந்து ஆர்டர்காரர்கள் வருகிறார்கள். அதுவரை வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

மதியம் அண்ணனுக்கு போன்.

"மலை மேல எப்படிண்ணா?"

"பல்லு கிட்டிப் போவுது பாப்பா. வண்டி சூப்பர். எறக்கத்துல பிரேக்கே தொட வேணாம், மோட்டாரே புடிச்சுக்குது."

அந்தப் பிடிப்பே காந்தத்தை நம்பித்தான். "பிரேக்கும் போட்டு ஓட்டுண்ணா" என்றதோடு சரி. முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. என் கணக்கு தப்பாக இருக்கலாம். வேலை போகலாம். என் பேச்சைக் கேட்டுத்தான் டீசல் வண்டியை விற்றான். எல்லாம் சாக்கு. பயம், வேறொன்றும் இல்லை.

தைலம் மறந்தேன்.

டிச. 20, சனி

மீன் கடையில் ஐஸ் வாங்கினேன். பெரிய பிளாஸ்டிக் டப், சாக்குப்பை.

மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரைப் பார்க்கும் சரவணனும் கம்பெனிக்கு வந்தான். உதிரி மோட்டார் ஒன்றுக்கு பிளாஸ்டிக் சுற்றி ஐஸில் புதைத்தோம். மலையின் விடியற்காலைக் குளிர் அளவுக்கு இறங்கியதும் எடுத்து, வண்டி மேட்டில் இழுக்கிற கரண்டைக் கொடுத்தோம். அப்புறம் வெயிலில் வைத்து, சுழற்றி வோல்ட் பார்த்தோம்; காந்தத்தின் பலம் அதில் தெரிந்துவிடும்.

குறைந்திருந்தது. நன்றாகவே.

"இன்னொருக்கா பாக்கலாங்க" என்றான் சரவணன். பார்த்தோம். இன்னும் குறைந்தது. குளிரில் ஒவ்வொரு மேடும் காந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

அண்ணனுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மலையில் டவர் இல்லை. அண்ணியைக் கூப்பிட்டேன்.

"காப்பிக்கொட்ட ஏத்திட்டு எறங்கிட்டு இருப்பாரு. ஏன் பாப்பா?"

"சும்மாதாங்க அண்ணி."

சும்மாவாம்.

ஸ்கூட்டரில் மலையடிவாரம். ஒரு மினி பஸ் இறங்கியது, ஒரு பைக். மின்வண்டிக்குச் சத்தமும் கிடையாது; காது கொடுத்துக் கேட்கக்கூட வழியில்லை. வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

வந்தான். ஆமை வேகம். பக்கத்து சீட்டில் ஒரு பெரிய கருங்கல்.

"எதுக்குண்ணா கல்லு?"

"மேட்டுல நின்னா பின்னால நவுருது. டயருக்கு அண்டக் குடுக்க."

"எப்பருந்து?"

"நாலஞ்சு நாளா."

"நேத்து சூப்பர்னியே!"

"சொன்னா உங்க ஆபீஸ்ல உனக்குத் திட்டு வுழும்ல."

ரோட்டிலேயே அழுதேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

டிச. 21, ஞாயிறு

வெயில் வந்தும் போர்வையை விட்டு எழுந்திருக்க மனம் இல்லை. வண்டி அண்ணன் வீட்டு வாசலில். சாவி என்னிடம்; நேற்றே அண்ணனிடம் எல்லாம் சொல்லி வாங்கிவிட்டேன்.

எம்.டி. மெசேஜ்: நாளைக் காலை அண்ணனை வண்டியோடு வரச் சொல்லவும். ஓசூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்க் காட்ட வேண்டும். வெள்ளென.

ஐஸ் சோதனைப் படங்கள் எல்லாவற்றையும் அனுப்பினேன். கீழே: வண்டி வராது சார். இனி எந்த வண்டியும் கொடுக்கக் கூடாது.

நீல டிக் வந்துவிட்டது. நாளைக்கு உள்ளே விடுவார்களா, தெரியவில்லை.

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டே, "ஊர்ல எல்லாம் கேக்கறாங்க பாப்பா. நீ செஞ்ச வண்டி, நல்ல வண்டிதான?"

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, சொல்லாதே என்பது போலப் பார்த்தான்.

"இல்லீங்க அண்ணி."