மூன்றாவது எண்

மார்ச் 4

காலையிலேயே ரப்பர் ஆரம்பித்துவிட்டார். எங்கள் தலைமை வரைவாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. அடுத்தவர் வரைந்ததில் எதையாவது அழிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே, மூன்றாம் தளத்தில் ஒரு நடைபாலம் வருகிறது. இரண்டு கட்டடங்களின் மூன்றாம் தளத்துக்கும் நான் புள்ளிப் பட்டியல் போட்டிருந்தேன். புள்ளிக்கு மூன்று எண்: நீளவாக்கு, அகலவாக்கு, சாலை மட்டத்திலிருந்து உயரம், எல்லாம் மீட்டரில்.

"எல்லா வரியிலயும் 9.60, 9.60-ன்னே இருக்கு. எதுக்கும்மா இது? தளம்னா தட்டை. தட்டைக்கு ரெண்டு எண் போதும். தூக்கிடு."

"சார், தட்டையா இருந்தாலும் அது ஒரு உயரத்துல..."

"தூக்கிடுன்னேன்."

அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது புதுக் கட்டடம். அதில் எல்லா வரியிலும் 9.18. தூக்கிவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5

இன்னும் ஆறவில்லை.

மார்ச் 9

வீட்டில் புலம்பினேன். "தாளும் தட்டை, தளமும் தட்டை. இதுல என்ன பெரிய வித்தியாசம்?" என்றார் கணவர். இவருமா!

தாளில் இருக்கும் உலகத்துக்கு இரண்டே எண். அங்கே மேல், கீழ் என்ற பேச்சே கிடையாது. கட்டடத்தின் தளம் அப்படியா? எவ்வளவு தட்டையாக இருந்தாலும் அதற்கு மேலே ஆள் நடக்கிறான், கீழேயும் நடக்கிறான். அதே நீள அகலத்தில் எத்தனை தளம் வேண்டுமானாலும் அடுக்கலாம். இது எந்தத் தளம் என்று சொல்வதே மூன்றாவது எண்தான். எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண் என்பது வேறு, எண்ணே இல்லை என்பது வேறு. சுழியாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"இதை அவர்கிட்ட சொல்றதுதானே?" என்றார்.

சுருக்கென்றது. எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 18

மேஸ்திரி போன் செய்தார். "மேடம், புதுக் கட்டடத்துல மட்டம் பிடிச்சு நேரா வந்தோம். இங்க பழைய கட்டடத்துத் தரை முழங்கால் உயரத்துக்கு நிக்குது. ரெண்டு தாள்லயும் மூணாம் தளம்னுதானே போட்டிருக்கு?"

போட்டிருக்கிறது. நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். நோயாளியைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போக வேண்டிய பாலம்.

ஜூலை 19

ரப்பர் ஒரு கடிதத்தை நீட்டினார். 'என் கவனக்குறைவால் உயர விவரம் விடுபட்டது.' கீழே என் பெயர். கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால் இந்த வேலை போகும், வேறு எந்த அலுவலகமும் சேர்க்காது.

போட மாட்டேன். என்ன நினைச்சுக்கிட்டு இருக்கான் இந்த ஆளு? பதினொரு வருஷமா வாயை மூடிக்கிட்டு வரைஞ்சதுக்கு இதுவா? போடவே மாட்டேன்!

ஜூலை 23

கூட்டம். மருத்துவமனையின் நிர்வாகி அம்மாவும் வந்திருந்தார். கட்டம் போட்ட தாள் இரண்டு கொண்டுபோனேன். இரண்டிலும் (4, 7) என்ற இடத்தில் சிவப்புப் புள்ளி. ஒன்றை மேசையில் வைத்தேன். மற்றதை நான்கு கோப்புகளை அடுக்கி அதன்மேல் வைத்தேன்.

"சார், இது ரெண்டும் ஒரே புள்ளியா?"

"எண் ஒண்ணுன்னா புள்ளியும் ஒண்ணுதான்."

"அப்போ ரெண்டையும் ஒரே விரலால தொடுங்க."

அவர் விரல் மேசை விளிம்பை விட்டு அசையவில்லை. நிர்வாகி அம்மா கேட்டார்: "அந்த மூணாவது எண்ணை யாரு எடுத்தது?"

"எடுத்தது நான். எடுக்கச் சொன்னது இவர்."

ரப்பர் என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 6

பாலம் சாய்தளமாகிறது. புள்ளிப் பட்டியலை ரப்பர்தான் போட வேண்டும், நான் சரிபார்க்க வேண்டும் என்று நிர்வாகி அம்மா சொல்லிவிட்டாராம். இன்று என் மேசைக்கு வந்தது. சாய்தளமும் தட்டைதான், தாளில் பார்த்தால் அதே பழைய செவ்வகம். ஆனால் அடிக்கு அடி மூன்றாவது எண் மாறிக்கொண்டே ஏறுகிறது. நூற்றுப் பன்னிரண்டு வரி, ஒன்று விடாமல் கையாலேயே எழுதியிருக்கிறார்.

ஒரு தப்பாவது கிடைக்காதா என்று நான்கு முறை பார்த்தேன். இல்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.