வைரவர் வளைவு

ஜூன் 7, சனி

சோளகக் காற்று ஓயவில்லை. வாய்க்குள் மண், காதுக்குள் மண். தலைமயிர் தும்புத்தடி மாதிரி.

நாரந்தனை மைதானத்தில் கார்ப் போட்டிக்கான முதல் பழக்கம். வழி குறிக்கிற கோண் எங்கும் கிடைக்கவில்லை. மஞ்சள் எண்ணெய்க் கான்கள்தான் வைத்தோம். வெறும் கானை எல்லாம் காற்று கொண்டுபோய் வேலியில் சேர்த்துவிட்டது. பிறகு மண் நிரப்பினோம். இவர் ஓடி ஓடிப் பொறுக்கினார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இவர் இப்படி ஓடி நான் கண்டதில்லை.

விளையாட்டு இவ்வளவுதான்: கான்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் வர வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கார். நேரம் பிடிப்பார்கள். கானில் தட்டினால் இரண்டு விநாடி கூடும். மாதக் கடைசி ஞாயிறு பட்டணத்துப் பெடியள் இங்கே போட்டி வைக்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில்! ஸ்டாஃப் ரூமில் இன்னும் சொல்லவில்லை.

பழக்குவது ஜெனிற்றா (இனி ஜெ.). ஊர்காவற்றுறைப் பிள்ளை, வங்கியில் வேலை, போன முறை பெண்களில் முதலாவது. ஒருகாலம் என்னிடம் கணக்குப் படித்தவள். அப்போது நான் அவளுக்குச் சொன்னதை எல்லாம் இப்போது எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். அவசரப்படாதேங்கோ ரீச்சர். முதல் வடிவாப் பாருங்கோ ரீச்சர். பழிவாங்கல்தான், முகத்திலேயே தெரிகிறது.

இன்று விளங்கியவை:
- கதிரையை முன்னுக்கு இழுக்க வேண்டும். இவ்வளவு நாளும் படுத்துக்கொண்டு கார் ஓடியிருக்கிறேன்.
- இடக்கை கியரில் இளைப்பாறக் கூடாது.
- தட்டிவிடுவோமோ என்று பயப்படுகிற கானைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அதில்தான் போய்த் தட்டும். அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

தட்டிய கான்கள்: அநேகமாக எல்லாம்.

ஜூன் 8, ஞாயிறு

ரொறன்ரோவில் இருந்து அண்ணை போனில். நயினாதீவுத் தேருக்கு வருகிறார். 27ஆம் திகதி இங்கே நிற்பார். சந்தோஷம். அதற்குப் பிறகு சொன்னது சந்தோஷம் இல்லை.

கார் அவருடையது. சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், சிவப்பு. முன்பு ஒரு லீவில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, பற்றறி செத்துப்போகாமல் ஓடிவை என்று என்னிடம் விட்டுப்போனது. இப்போது கொழும்பில் இருக்கிற பெரியம்மாவின் மகன் கேட்கிறானாம். கொடுக்கப்போகிறாராம். நான் தினமும் ஓடுகிறேனே என்றேன்.

"நீ எங்கை பிள்ளை ஓடுறாய்? உருட்டுறாய். ஸ்கூலுக்கும் சந்தைக்கும் ஒரு ஸ்கூட்டி காணும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தேங்காய் துருவினேன். தேவைக்கு மேலே துருவிவிட்டேன்.

உண்மையை இங்கேயாவது எழுதுவோம். எனக்கு இந்தக் கார் வேண்டும். ஆசைதான், வேறு நியாயம் ஒன்றும் இல்லை. போட்டியை வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று மட்டும் அண்ணைக்குச் செய்தி போட்டேன். "சரி, பாப்பம்" என்று பதில். கூடவே சிரிக்கிற முகம் ஒன்று.

ஜூன் 11, புதன்

புளி முடிந்தது. பத்தாம் வகுப்புக் கொப்பிகள் திருத்தவில்லை. திருக்கை நல்லது கிடைத்தது.

பள்ளிக்கூடத்துக்கு முதல் பட்டணம் போய்வர வேண்டி இருந்தது. பண்ணைத் தாம்போதியில் ஜெ. சொன்னபடி தூரத்தைப் பார்த்து ஓடினேன். கை தானாக அமைதியாகிவிட்டது. கார் ஒரு கோட்டில் போனது. இரண்டு பக்கமும் கடல், பின்னால் எங்கள் பள்ளிக்கூட அதிபர் தன் மோட்டார்சைக்கிளில். ஸ்டாஃப் ரூமில் கேட்டார், "என்ன ரீச்சர், இண்டைக்கு நல்ல யோசினையிலை போனியள்?" யோசனையே இல்லாமல் போனேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

இரண்டாம் பழக்கம். ஓடுகிற வழிக்கு நடுவே மாடு ஒன்று படுத்திருந்தது. இவர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் வாழைப்பழம் கொடுத்தார். பழத்தைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்தது. நாங்கள்தான் கான்களைத் தள்ளி வைத்தோம்.

வேகமாகப் போய்த் திருப்பினால் காரின் முன்பக்கம் சொல் கேட்காது. நேரே போகும். நான் இன்னும் திருப்புவேன், அது இன்னும் நேரே போகும். ஜெ. பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கேக்கேல்லை எண்டு இன்னும் கத்தாதேங்கோ ரீச்சர். வகுப்பு மாதிரித்தான். கொஞ்சம் விட்டுக் குடுங்கோ, தன்பாட்டிலை திரும்பும்."

அக்சிலரேற்றரில் இருந்து கால் கொஞ்சம் எடுத்தேன். திரும்பியது! இருபது வருடமாக வகுப்பில் கத்துகிறேன், இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மற்றது, பிரேக் எல்லாம் வளைவுக்கு முதலே, நேராகப் போகும்போதே. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடுவது, சோதனை மண்டபத்துக்குள் போய்ப் புத்தகம் தேடுகிற மாதிரி. (இது என் உவமை. ஜெ. குறித்துக்கொண்டாள்.)

எல்லாம் சரி, நாலாவது கான் மட்டும் சரிவரவில்லை. மைதான மூலையில், பூவரசுக்குக் கீழே இருக்கிற வைரவருக்கு முன்னால் வருகிற வளைவு. ஒரு கல், ஒரு சூலம், காய்ந்த மாலை. ஒவ்வொரு தடவையும் அங்கே கார் அகன்று போய்க் கானைத் தட்டுகிறது. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை, ஜெ.க்கும் தெரியவில்லை. ரயர் காற்றைப் பார்த்தோம். மண்ணைக் காலால் உரசிப் பார்த்தோம். இவர் தன் பங்குக்குப் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

ஜூன் 21, சனி

காரணம் பிடிபட்டது. இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஜெ. பின்கதிரையில் இருந்து போனில் படம் பிடித்தாள். மூன்று பேரும் மரத்துக்குக் கீழே நின்று பார்த்தோம். முதல் கான் நல்லது. இரண்டு, மூன்று நல்லது. நாலாவது வருகிறது, பூவரசு வருகிறது, என் வலக்கை ஸ்டியரிங்கை விட்டு எழும்பி நெஞ்சைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. கும்பிடு! இடக்கை அந்த நேரம் பார்த்துப் பழையபடி கியரில். அதாவது இடக்கை கியரில், வலக்கை நெஞ்சில், ஸ்டியரிங் வைரவரின் பொறுப்பில்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. வேலணையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போவதற்குள் பிள்ளையார், அம்மன், முருகன், இரண்டு வைரவர், ஒரு அந்தோனியார். எல்லாருக்கும் கை போகும். அந்தோனியாருக்கும் போகும், அவரை மட்டும் ஏன் விடவேண்டும் என்று. சந்தைக்குப் போகிற வேகத்தில் அது ஒன்றும் செய்யாது. இங்கே கானில் கொண்டுபோய் விடுகிறது.

இவர் நிலத்தில் இருந்துவிட்டார் சிரித்து. ஜெ. பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு, தனக்கும் ஊர்காவற்றுறைச் சந்தியில் சொரூபத்தைக் கண்டால் சிலுவை போடக் கை எழும்புகிறதுதான் என்றாள். போட்டியன்று கைக்குக் கையுறை போடலாம் என்றாள். வைரவருக்கு ஒரு சாறத்தைக் கட்டி மறைக்கலாம் என்றார் இவர். ஏசிவிட்டேன்.

பிறகு கையை எடுக்காமல் ஓடிப் பார்த்தேன். கார் திரும்பியது. ஆனால் மனம் திரும்பவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே மதிக்காமல் போகிற மாதிரி. அடுத்த ஓட்டத்தில் கார் வழுக்கி ஐந்தாவது கானில் ஏறியது. நான் இறங்கி வைரவரைத் திரும்பிப் பார்த்தேன். இவருக்கு விளங்கிவிட்டது.

"வைரவற்றை வாகனம் நாய். உவருக்கு உந்தக் கார் விளையாட்டிலை கோவம் வராது. நீர் யோசியாதேயும்."

இருந்தாலும்.

ஜூன் 25, புதன்

கையைக் கட்டுப்படுத்தப் பழக்கம். காலையில் பிள்ளையாரைக் கடக்கும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அம்மனையும் அப்படியே. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாகக் கும்பிட்டேன். கேற்றடியில் நின்ற பிள்ளைகள் தங்களுக்காக்கும் என்று திருப்பிக் கும்பிட்டார்கள்.

சோதனைத்தாள் நாளைக்கு. புளி இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அண்ணை வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். தலை முழுக்க நரை, அனுப்பின படங்களில் மை பூசியிருந்தார் போல. குசினிக் கதிரையில் இருந்து இரண்டு தட்டு புட்டும் திருக்கைக் கறியும். வழித்துச் சாப்பிட்டார். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு காரைச் சுற்றிப் பார்த்தார். கதவுக்குக் கீழே மஞ்சள் கோடுகள், கான் உரசியது. விரலால் தடவினார்.

"கார் பாவம்" என்றார்.

ஈரத்துணி எடுக்க உள்ளே போனேன். நின்றால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

ஜூன் 29, ஞாயிறு

விடியவே வெயில். காற்று கொஞ்சம் குறைவு. கார்கள் வரிசையாக. கச்சான் கடலை விற்கிறவர்கூட வந்துவிட்டார். அண்ணை குடைக்குக் கீழே, இவர் பக்கத்தில்.

முதலில் நடந்து பார்க்க விட்டார்கள். எல்லாரும் கான் கானாக நடக்க, நான் நேரே பூவரசடிக்குப் போனேன். கற்பூரம் கொளுத்தினேன். வாய்விட்டே சொன்னேன், இன்றைக்குக் கை எடுக்க மாட்டேன், குறை நினைக்காதேங்கோ, கும்பிடெல்லாம் இப்போதே. பின்னால் யாரோ பெடியன் இருமினான். இருமட்டும்.

முதல் ஓட்டம்: பதற்றம். பாம்பு மாதிரி வளைகிற இடத்திலேயே கானைத் தட்டினேன்.

இரண்டாவது: வைரவர் வளைவில் கை ஒரு விரலளவு எழும்பியது. பிடித்து இறக்கினேன். கான் தட்டவில்லை, ஆனால் அகன்று போனது.

மூன்றாவது: தூரத்தைப் பார்த்தேன். பிரேக், விடு, திருப்பு, விட்டுக் கொடு. பூவரசு வந்தது, போனது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கடைசிக் கானைத் தாண்டின பிறகுதான் மூச்சு விட்டேன். ஒரு கானும் விழவில்லை!

பெண்களில் நாலாவது. ஜெ. மறுபடி முதலாவது. என்னைக் கட்டிப்பிடித்து, "பாஸ் பண்ணீட்டியள், ரீச்சர்" என்றாள். இதற்காகவே இவ்வளவு காலமும் காத்திருந்திருப்பாள்.

அண்ணையிடம் போனேன். பரவாயில்லை, நல்லாத்தான் ஓடினாய் என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கொழும்பானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே பிள்ளை, என்ன செய்கிறது என்றார். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். நல்லாய் ஓடினால் காணும் என்று நானாகத்தான் நினைத்திருந்தேன்.

போட்டி முடிந்து, விரும்பினவர்கள் ஓடலாம் என்று அறிவித்தார்கள். அண்ணைக்கு ஆசை வந்துவிட்டது. தன் கார், தானும் ஒருக்கா ஓடவேண்டும். ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு போய், ரொறன்ரோப் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங்கைத் தேடினார். சனம் சிரித்தது. இறங்கிச் சுற்றிப் போய் ஏறினார்.

நல்ல வேகம். முதல் மூன்று கானும் பிழை இல்லை. எனக்கே கொஞ்சம் எரிச்சல். நாலாவதில் கார் திரும்பவில்லை. அகன்று போய், மண் நிரப்பிய கானில் நடுவாக ஏறி, பூவரசுக்கு முன்னால் புழுதிக்குள் நின்றது.

நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். அண்ணைக்கு ஒன்றும் இல்லை. இறங்கவில்லை, தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கை எழும்பிப்போட்டுது பிள்ளை" என்றார். "இருவது வருசம். அங்கை ஒருநாளும் எழும்பேல்லை. எல்லாம் விட்டுப்போச்சு எண்டு நினைச்சனான்."

ஜெ.யைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு கார்க் கதவைத் திறந்துவிட்டேன். அண்ணை இறங்கிப் போய், ஹெல்மெற்றைக் கழற்றி, இந்த முறை இரண்டு கையாலும் கும்பிட்டார். நாங்கள் தள்ளி நின்றோம்.

பம்பர் வெடித்துவிட்டது. முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு. வீடு வரைக்கும் நான் ஓடினேன். அண்ணை பக்கத்துக் கதிரையில். பிள்ளையார் வந்தபோது கை வைத்தார். நான் வைக்கவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு வைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

தலையிடி என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு. பொய். உடம்பெல்லாம் நோவு, அது மெய்.

புளி வாங்கியாயிற்று. கான் ஒன்று போய்விட்டது, வேறு பார்க்க வேண்டும்.

குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கிறேன். விறாந்தையில் அண்ணை கொழும்போடு போனில். ஜன்னலால் எல்லாம் கேட்கிறது.

"ஓம் தம்பி, கார் அடிபட்டுப் போச்சு. பம்பர். உனக்கு இது சரிவராது, நீ வேறை ஒண்டு பார்."

மற்றப் பக்கம் ஏதோ கேட்டிருக்கிறான். அண்ணைக்குக் குரல் ஏறியது.

"சீ, தங்கச்சி இல்லை. அவள் வடிவா ஓடுவாள். இடிச்சது நான்."