திம்மராயன் சார் நம்பிக் குடுத்த பதினாறு சிடி

கிருஷ்ணகிரி
12.11.2007

கண்ணு வினோதாவுக்கு அம்மா எழுதறது. உங்கப்பா முழங்கால் வலியோட நடமாடறாரு, நானும் இருக்கேன். அந்தக் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கீங்க, குழந்தைக்கு இருமல் நின்னுதா? இங்க மனசே சரியில்ல கண்ணு. என்கூட பர்கூர் கிரானைட் கம்பெனி ஆபீஸ்ல வேலை பார்த்த திம்மராயன் சார் போன புதன்கிழமை தவறிட்டாரு. ஸ்கேனர்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாத காலத்துல ஆளுங்களோட வருகைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி சிடில ஏத்துன மனுசன். காகிதத்துக்குப் போட்டோ புடிக்கற பைத்தியம்னு மேனேஜர் சிரிப்பாரு, நானும் சேர்ந்து சிரிச்சேன். ஒரே கூரைக்கடியில ரெண்டு காப்பி இருந்தா அது ஒரு காப்பிதாம்மா, எங்க வீடு வேற ஒழுகுது, நீங்க வெச்சுக்கங்கன்னு சார் பதினாறு சிடி கொண்ட ஒரு செட்டை என்கிட்ட குடுத்தாரு. கம்பெனியை மூடுனப்ப பதிவேடு, கம்ப்யூட்டர், ஆபீஸ்ல இருந்த சிடி எல்லாம் பழைய சாமான் லாரில போயிடுச்சு. நம்ம வீட்ல இருந்ததுதான் மிச்சம்.

இப்ப கல்லுத்தூசில நெஞ்சு கெட்டுப்போன கோவிந்தப்பனும் இன்னும் எட்டு பேரும் கேஸ் போட்டிருக்காங்க. இவங்க எங்ககிட்ட வேலையே பார்க்கலன்னு முதலாளி சொல்றாரு. அந்த சிடிதான் அத்தாட்சி. அதை நான் பண்ணுன கோலம் கேளு. ரெண்டு வருசம் முந்தி ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, தையல் மிசினோட சிடியையும் வெச்சு, பளபளன்னு இருக்கற பக்கத்துலயே சந்தனம் குங்குமம் வெச்சேன். சோறு போட்ட வேலையாச்சேங்கற பக்திதான். அது காஞ்சு புடிச்சுகிச்சு, பாத்திரம் விளக்கற பொடியும் நாரும் போட்டுப் பதினாறையும் தேய்ச்சுக் கழுவி எடுத்து வெச்சேன். போன மாசம் கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டுப் பார்த்தா ஒண்ணுகூடத் திறக்கல. சொல்லிடணும்னுதான் மறுநாளே சார் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூச்சு வாங்கிட்டே, சிடி பத்திரமா இருக்குதில்லம்மான்னு கேட்டாரு. இருக்குது சார்னு சொல்லிட்டேன். சாவு வீட்ல அவரு சம்சாரம் என் கையைப் புடிச்சு, நீங்க வந்துட்டுப் போன அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குனாருன்னு அழுதாங்க. செத்துடலாம் போல இருந்துச்சு கண்ணு.

நேத்து கோவிந்தப்பன் போன் பண்ணுனான். சார் போயிட்டாலும் உங்ககிட்ட இருக்குதுங்கற தைரியத்துலதான் இருக்கேங்கக்கான்னான். நாளைக்குக் காலைல பஸ் ஏறி வாங்கிட்டுப் போக வரான், நாலு எட்டு வெச்சா நின்னு மூச்சு வாங்கறவன். நடந்ததை அவன்கிட்ட சொல்லிடப் போறேன். கோர்ட்டுக்கும் வந்து இவங்க வேலை பார்த்தது நெசம்னு சொல்றேன், என் வாய்ச்சொல் அங்க செல்லுமான்னு தெரியல.

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும். குழந்தைக்குக் காது மறைக்கிற மாதிரி குல்லா போடு. உங்கப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டுடாதே. நாளைக்குக் குடுக்கணுமே, சிடியைத் துடைச்சு வெச்சியான்னு இன்னைக்குக்கூட கேட்டாரு.

உன் அம்மா
சாந்தம்மா